தங்கமாயன் பள்ளிக்கூடத்து மாடு

அன்று தாளாளர் அறையில் நாங்கள் குடித்தது டீயா காபியா என்பது இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. டீ என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பள்ளியில் காலையில் காபிதான் வரும், டீ மாலையில்தான். அப்படியானால் நான் காலை என்று நினைத்துக்கொண்டிருப்பது மாலையாக இருந்திருக்க வேண்டும், அல்லது காபியை டீ என்று மாற்றி நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் ஒன்றில் நினைவு தவறினால் மற்றதிலும் தவறியிருக்குமோ என்று ஒரு யோசனை வருகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதில் சிறு பிழைகள் இருக்கலாம். பெரிய விஷயங்களில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் பெயர் மருது. சமயநல்லூரைத் தாண்டி நான்கு வழிச்சாலையை ஒட்டி இருக்கும் தங்கமாயன் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் மக்கள் தொடர்பு அலுவலர். அதற்கு முன்னால் மதுரையில் ஒரு மாலைப் பத்திரிகையில் நிருபராக இருந்தேன். பத்திரிகை நின்றுபோனது. பள்ளியின் தாளாளர் தங்கப்பாண்டி என்னைக் கூப்பிட்டு, "பேப்பர்ல எழுதுனத இங்க எழுதுய்யா" என்றார். அன்றிலிருந்து இங்கேதான்.

வேலை கடினமானது அல்ல. உதவி ஆசிரியர் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியிராதபடி செய்திக்குறிப்பு எழுதித் தர வேண்டும். எந்த நிருபர் வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டார் என்று தெரிந்திருக்க வேண்டும். பள்ளியின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் பக்கங்கள் நாள் தவறாமல் அசைந்துகொண்டிருக்க வேண்டும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தாய் விடிந்தும் விடியாமலும் ஒரு புகார் போட்டால், பல் விளக்கி முடிப்பதற்குள் அதற்குக் கீழே மூன்று தாய்மார்கள் பள்ளியைப் பாராட்டி எழுதியிருப்பார்கள். அந்த மூன்று பேரும் நான்தான்.

இந்த வேலைக்குப் பொய் தேவைப்படும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தேவைப்படாது. ஒரு படத்தில் எதை வைக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்தால் போதும். மீதியைப் பார்க்கிறவர்களே செய்துகொள்வார்கள்.

பவதாரிணி என் ஒரே மகள். ஊழியர் பிள்ளை என்பதால் எங்கள் பள்ளியிலேயே சேர்த்திருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு உதட்டோரத்தில் ஒரு வெண்புள்ளி வந்தது. பிறகு இடது கண்ணைச் சுற்றி வந்தது. வலிக்காது, தொற்றாது, ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னார். என் மனைவி முனீஸ்வரி அதை நம்பினாள். பவதாரிணியும் நம்பினாள். நானும் நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியின் சிலம்ப அணி மாவட்ட அளவில் முதலிடம் வந்தது. மஞ்சள் துண்டு கட்டி, கம்பை ஊன்றி, பெண்பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம். நல்ல படம். பவதாரிணி இடது ஓரத்தில் நின்றாள். அந்த வருடச் சேர்க்கைக்கு அந்தப் படத்தைத்தான் ஃப்ளெக்ஸாக அடிப்பது என்று முடிவானது. தாளாளர் அறையில் உட்கார்ந்து பார்த்தோம். தாளாளர், நான், பள்ளிக்கு வீடியோவும் படமும் எடுக்கிற அசாருதீன். மூன்று பேர்தான். அப்போதுதான் அந்த டீயோ காபியோ வந்தது.

தாளாளர் படத்தைப் பார்த்தார். "நல்லாத்தான்யா இருக்கு" என்றார். பிறகு, "அந்த ஓரத்துப் புள்ளய எடுத்துரலாம்ல" என்றார். அப்படித்தான் என் நினைவில் இருக்கிறது. அவள் என் மகள் என்று அவருக்குத் தெரியும். அசார் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவன் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். ஒரு விரல் அகலம் இழுத்தால் போதுமாயிருந்தது.

ஃப்ளெக்ஸ் பைபாஸ் திருப்பத்தில் நின்றது. பள்ளி வேன் எல்லாம் அதைச் சுற்றித்தான் திரும்பும். அன்று மாலை பவதாரிணி வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்துவிட்டு, "ஏம்ப்பா, என் கம்பு மட்டும் நிக்குது, என்னயக் காணோமே" என்றாள். உண்மைதான். கம்பின் நுனி ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அசார் அதைக் கவனிக்கவில்லை.

"யாருப்பா வெட்டுனது?" என்று கேட்டாள்.

"தாளாளர் சொன்னார்" என்றேன். யோசிக்காமல் உடனே சொன்னேன். யோசிக்காமல் சொல்கிற பதில் பொய்யாக இருக்க முடியாது என்பது என் அனுபவம்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி விடுங்க. அடுத்த தடவ நட்டநடுவுல நிக்கிறேன். எப்படி வெட்டுறாகன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடுப்படியிலிருந்து முனீஸ்வரியும் சிரித்தாள். சாப்பிடும்போது பவதாரிணி வழக்கத்தைவிட ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். துக்கத்தில் சிலருக்குப் பசி அதிகமாகும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும், வேறு பள்ளிக்குப் போகிறேன் என்றாள். அரசுப் பெண்கள் பள்ளி. அங்கே சிலம்பத்துக்கு நல்ல மாஸ்டர் இருக்கிறார், தோழிகள் இரண்டு பேர் அங்கே சேர்கிறார்கள் என்று காரணம் சொன்னாள். என் வேலைக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்று அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. முனீஸ்வரி ஒருநாள் கேட்டாள்: "அவளே மறந்துட்டா. நீங்க ஏன் இன்னும் அந்தத் திருப்பத்துல வண்டிய நிப்பாட்டி நிப்பாட்டி பாத்துட்டு வாறீக?" அதற்கும் நான் ஒன்றும் பேசவில்லை. நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. எங்கள் வீட்டில் நான் பேசாமல் இருப்பதை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை.

அவள் பத்தாம் வகுப்பு தொடங்கிய சமயத்தில்தான் தாளாளரின் மகன் ஜெயபாண்டி கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து 'டைரக்டர்' என்று ஒரு பலகை போட்ட அறையில் உட்கார்ந்தான். இருபத்து நான்கு வயது. நல்ல பையன் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை மறுக்க மாட்டேன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். "பாப்பா எப்படிண்ணே இருக்கு? ஸ்டேட் லெவலுக்குப் போயிருச்சாமே, சொல்லவே இல்ல" என்று ஒருநாள் கேட்டான். இப்படிக் கேட்கிற இடத்தில் அவன் இருந்தான், கேட்டுவிட்டுப் போய்விடலாம். தாளாளர் தன் மகனைப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் வேறொன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மாடு என்னுடைய யோசனைதான். ஆடி மாதம் ஒரு கூட்டத்தில் சொன்னேன். தைப் பொங்கலன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டை உலகமே நேரலையில் பார்க்கிறது. ஒவ்வொரு மாடு வரும்போதும் அது யார் மாடு என்று மைக்கில் சொல்கிறார்கள். அதே மாதத்தில்தான் நமக்குச் சேர்க்கை தொடங்குகிறது. எந்த விளம்பரமும் போகாத வீட்டுக்குள் அந்தக் குரல் போகும்.

தாளாளர் சிரித்துவிட்டார். "ஏன்யா, படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவேன்னு நம்ம டீச்சருகதான் திட்டுறாக. நம்மளே மாடு மேய்ச்சா எப்படி?"

"படிச்சவன் மாடு வளத்தா அதுக்குப் பேரு பண்பாடு சார்" என்றேன்.

ஜெயபாண்டி மேசையைத் தட்டினான். "அப்பா, மருதண்ணன் சொல்றது சூப்பர். நானே வளக்குறேன்."

அவன் அதைச் சொல்வான் என்று எனக்குத் தெரியும். முதல் நாளே எல்லாவற்றையும் திட்டமிட்டேன் என்று சொன்னால் அது பெருமை பேசுவதாகிவிடும். திட்டம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அடுத்து செய்ய வேண்டியது தெரிந்தது, செய்தேன்.

மாடு கீழக்குயில்குடியில் சோணை என்பவரிடம் இருந்தது. செவலை. நாலு வருடமாக வாடிவாசலில் யாரும் திமிலைத் தொட்டதில்லை. சோணையே அதை வளர்த்துத் தருவது, பேர் மட்டும் பள்ளியின் பேர் என்று பேசி முடித்தோம். சோணை அதைச் செவல என்று கூப்பிடுவார். எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அதற்குத் 'தங்கமாயன்' என்று பேர்.

அசார் வாரத்துக்கு இரண்டு வீடியோ எடுத்தான். ஜெயபாண்டி மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊட்டுவது. கண்மாயில் மாட்டோடு நீந்துவது. மாடு மண்ணைக் குத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்ப்பது. இதில் எதுவும் நடிப்பு இல்லை. எல்லாம் நடந்ததுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் மாட்டின் அந்தப் பக்கத்தில் சோணை நின்றார். கையில் கயிறு இருந்தது, தோளில் துண்டு இருந்தது. நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் நின்றால் செவலை தலையைத் தூக்கும்.

"சோணை வரக் கூடாது" என்று அசாரிடம் சொன்னேன். கயிறு பிடித்த கை வந்தால் அந்த இடத்தில் வெட்டினோம். நாக்குச் சத்தம் கேட்கிற இடத்தில் நாதஸ்வரம் போட்டோம். மீதம் வந்தது ஒரு படித்த வாலிபனும் அவனிடம் குழந்தையாக நிற்கும் ஒரு கொம்பு மாடும். அந்த வீடியோக்களை லட்சக்கணக்கில் பார்த்தார்கள். சேர்க்கைக்கு விசாரித்து போன் வந்துகொண்டே இருந்தது.

பார்த்தவர்களில் முக்கியமானவன் ஜெயபாண்டி. அவன் தன் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். காரில் பார்ப்பான், மீட்டிங்கில் மேசைக்கு அடியில் வைத்துப் பார்ப்பான். சோணை பக்கத்தில் நின்றதை அவன் உடம்பு அறியும். ஆனால் கண் பார்ப்பது வீடியோவை. ஐப்பசி முடிவதற்குள் கண் ஜெயித்துவிட்டது. ஒருநாள் தொழுவத்தில் நின்று சோணையிடம் சொன்னான்: "பாருங்கண்ணே, என்னைப் பாத்தாலே எப்படித் தலைய ஆட்டுது."

"அது ஈ வெரட்டுதுங்க தம்பி" என்றார் சோணை.

அசார் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினான். ஜெயபாண்டியும் சிரித்தான். ஆனால் அவன் நம்பவில்லை.

பிறகு நான் கமெண்ட் போடத் தொடங்கினேன். என்னிடம் வேறு வேறு பேரில் கணக்குகள் உண்டு. தாய்மார்களாக எழுதிய கைக்கு இது கஷ்டமல்ல. 'கயிறு புடிக்க ஆள் இருக்குற தைரியமா மாப்ள?' என்று ஒருவன். 'ரீல்ஸ்ல எல்லாரும் வீரன்தான், வாடிவாசல் பக்கம் வந்தா தெரியும்' என்று இன்னொருவன். 'மாடு பள்ளிக்கூடத்துக்கா, பள்ளிக்கூடம் மாட்டுக்கா' என்று ஒரு கேலி. அதற்கு முந்நூறு பேர் சிரித்திருந்தார்கள். அந்த முந்நூறு பேரும் உண்மையானவர்கள்.

ஜெயபாண்டி என் அறைக்கு வந்தான். "அண்ணே, இவனுகளுக்கு ஒரு பதில் சொல்லணும்ணே. அவனியாபுரத்துல மாடு ஓடி முடிச்சதும் நான் தனியா நின்னு கூப்பிடுறேன். கயிறு இல்ல, ஆளு இல்ல. எங்கிட்ட வருதா இல்லையான்னு பாக்கட்டும்."

ஜன்னலுக்கு வெளியே சின்னப் பிள்ளைகள் வரிசையாகக் கை கழுவப் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு, "வேணாம் தம்பி. எல்லாராலயும் அது முடியாது" என்றேன்.

வேண்டாம் என்றுதான் சொன்னேன். இதை அவன் தன் அப்பாவிடமும் சொன்னான்: "மருதண்ணன் வேணாங்கிறாரு, நான்தான் பண்றேன்." தாளாளர் என்னிடம், "நீ பக்கத்துல இருந்து பாத்துக்கய்யா" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜல்லிக்கட்டு பார்க்கிறவர்கள் வாடிவாசலைத்தான் பார்ப்பார்கள். ஆனால் ஆபத்து அதிகம் அங்கே இல்லை. களத்தைத் தாண்டி ஓடி வருகிற மாட்டைச் சொந்தக்காரர்கள் பிடித்துக் கட்டுகிற இடம் ஒன்று உண்டு. கலெக்‌ஷன் பாயிண்ட் என்பார்கள். அங்கே கேமரா குறைவு, தடுப்பு குறைவு. நிருபராக இருந்த காலத்தில் அந்த இடத்தைப் பற்றி நான் பல பொங்கலுக்கு எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் வரும்.

சோணையின் முறை இது. வாடிவாசலில் அவர் மூக்கணாங்கயிற்றை உருவிவிடுவார். அவரைத் தவிர வேறு யார் பிடித்தாலும் செவலை உள்ளே போகாது. அந்தப் பக்கம் கலெக்‌ஷன் பாயிண்டில் அவருடைய மச்சினன் சின்னச்சாமி கயிறோடு நிற்பான். மாட்டோடு இரண்டு பேருக்குத்தான் அனுமதி. இந்தத் தடவை சின்னச்சாமி பேருக்குப் பதிலாக ஜெயபாண்டி பேரைக் கொடுத்தேன். சின்னச்சாமி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலை, நானும் அசாரும் அவனியாபுரத்தில் எங்கே நின்று படம் எடுப்பது என்று பார்த்துவிட்டு ஒரு டீக்கடையில் நின்றோம். ஷேர் ஆட்டோக்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அசார் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:

"சோணையண்ணன் பாவம்ணே. வேலை பூரா அவரு பாக்குறாரு, ஒரு படத்துலகூட இல்ல. நம்ம பாப்பாவ வெட்டுன மாதிரில்ல இருக்கு."

"அது தாளாளர் வெட்டச் சொன்னது" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "எதுண்ணே? சார் எப்பச் சொன்னாரு? அவரு அன்னிக்கு ஜன்னல்கிட்டப் போயி போன்ல யாரயோ சத்தம் போட்டு வஞ்சுக்கிட்டு இருந்தாரு. படத்தயே சரியாப் பாக்கல. நீங்கதான் 'அந்தப் பக்கம் டைட்டா வெட்டு'ன்னீக. 'பாப்பா இருக்கேண்ணே'ன்னு நான்கூட கேட்டேன். 'அதான் சொல்றேன்ல'ன்னு என்னய வஞ்சீக."

நான் டீயைக் குடித்து முடித்தேன். அசார் வேறு ஏதோ பேசத் தொடங்கினான்.

இரண்டு மூன்று நாள் அதைப் பற்றி யோசித்தேன். அசார் நாள் முழுக்கப் படம் வெட்டுகிறவன். ஒன்றை இன்னொன்றோடு சேர்த்து நினைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. சரி, ஒரு பேச்சுக்கு, அவன் சொல்வதுதான் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அப்படி வெட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்படி என்னைப் பழக்கியது யார்? அந்த அறையில் உட்கார்ந்தால் அங்கே என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. தாளாளர் சொல்லாமல் இருந்திருந்தால், அது சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்ததால்தான். ஆகவே, இரண்டும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வந்தேன். அதன் பிறகு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

பொங்கலன்று விடிவதற்குள் அவனியாபுரத்தில் இருந்தோம். செவலைக்குக் கொம்பு சீவி, சந்தனம் வைத்து, கழுத்தில் பள்ளியின் பேர் எழுதிய பட்டுத்துண்டு கட்டியிருந்தார்கள். வரிசைக்குப் போவதற்கு முன்னால் சோணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் எப்போதும் தோளில் போட்டிருக்கும் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பழைய துண்டு. வேர்வையும் மாட்டு வாடையும் ஊறி விறைத்துப்போயிருந்தது.

"இதத் தம்பிகிட்டக் குடுத்துருங்க. மேல போட்டுக்கிறச் சொல்லுங்க. வாடிவாசலத் தாண்டிட்டா அதுக்கு நம்ம ஆளு, அடுத்த ஆளுன்னு ஒண்ணும் தெரியாது. அம்புட்டுப் பேரு மேல விழுந்து எந்திரிச்சு வருதுல்ல. கண்ணு கட்டிரும். என் வாடை மட்டும்தான் தெரியும். சென்ட் கிண்ட் அடிச்சிருந்தாருன்னா கழுவிட்டு நிக்கச் சொல்லுங்க. மறந்துறாதீக, என்ன?"

"மறக்க மாட்டேன்" என்றேன்.

மறக்கவில்லை. துண்டை மடித்து என் ஸ்கூட்டர் சீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு கலெக்‌ஷன் பாயிண்டில் ஜெயபாண்டி நின்ற இடத்துக்கு நடந்து போனேன். அவன் புதுப் பட்டுச் சட்டை போட்டிருந்தான். வாசனை நன்றாக வந்தது. "எப்படிண்ணே இருக்கேன்?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கீங்க தம்பி" என்றேன். "தடுப்புகிட்ட நிக்காதீங்க. நடுவுல நின்னாத்தான் படம் நல்லா விழும்."

அசார் ஒரு மொட்டை மாடியில் கேமராவோடு இருந்தான். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். மைக் குரல் எங்கள் வரைக்கும் கேட்டது. "அடுத்து வருது தங்கமாயன் பள்ளிக்கூடத்து மாடு. படிச்ச மாடுப்பா, பாத்துப் புடி. தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு... போச்சு, போச்சு, வாத்தியாரு மாடு எல்லாத்தயும் ஃபெயிலாக்கிட்டுப் போயிருச்சு." கூட்டம் சிரித்தது. நான் எழுதிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

செவலை களத்தைத் தாண்டி வந்தபோது அதன் பட்டுத்துண்டு இல்லை. ஒரு கொம்பில் யாருடைய சட்டையோ கிழிந்து தொங்கியது. ஜெயபாண்டி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "தங்கமாயா, வாடா" என்றான். அந்தப் பேர் மாட்டுக்குத் தெரியாது. அதுவும் எங்கள் பக்கத்தில் மட்டும் இருந்த பேர்.

மாடு நேராக அவனிடம் வந்தது. கடைசி வரைக்கும் அவன் முகத்தில் பயம் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவன் ஒரு அடிகூடப் பின்னால் வைக்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் கத்தினார்கள். மாடு அவனைத் தூக்கியது, பிறகு திரும்பி வந்து இன்னொரு முறை தூக்கியது. சோணை சந்து வழியாக ஓடி வந்து, அந்த நாக்குச் சத்தத்தைக் கொடுத்ததும் நின்றுவிட்டது. சோணையிடம் நடந்து போய் அவர் வயிற்றில் மூஞ்சியை வைத்துக்கொண்டது.

பெரியாஸ்பத்திரி வாசலில் சோணை என் கையைப் பிடித்தார். "துண்டக் குடுத்தீகளா?"

"கொடுத்தேன்" என்றேன். "நாறுதுன்னு போட்டுக்கல."

அவர் கையை விட்டுவிட்டார். "சின்ன வயசு" என்றார். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து தாளாளரின் குரல் கேட்டது. அந்த மாதிரிக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. தூணில் சாய்ந்து நின்று அதை முழுவதும் கேட்டேன். இரண்டு வருடத்தில் அன்றுதான் மனசு கொஞ்சம் லேசானது.

ஜெயபாண்டியைக் கொன்றது மாடு அல்ல, நான். போலீஸில் விபத்து என்று முடித்துவிட்டார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. செய்திக்குறிப்பைக்கூட நான்தான் எழுதிக் கொடுத்தேன். பத்திரிகைகள் ஒரு வார்த்தையும் மாற்றாமல் போட்டன.

இனி ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செவலையை அந்த வாரமே லாரியில் ஏற்றி அடிமாடாக அனுப்பிவிட்டார்கள். சோணை லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனார் என்று சொன்னார்கள். இப்போது அவர் மாடு வளர்ப்பதில்லை. காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். சின்னச்சாமி அவரோடு பேசுவதில்லை. தன்னை நிறுத்தியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று போகிற இடமெல்லாம் சொல்கிறான். அசார் எடுத்த வீடியோவை யாரிடமும் காட்டாமல் அழித்துவிட்டு, வேலையை விட்டுப் போய்விட்டான். கல்யாண வீடியோ எடுக்கிறானாம். என் போனை எடுப்பதில்லை. தாளாளர் காலையில் வந்து மகனின் அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் போகிறார். யாரிடமும் பேசுவதில்லை. பள்ளியை ஏறக்குறைய நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஜெயபாண்டி நினைவாக நான் போட்ட வீடியோவை, எங்கள் பக்கத்தில் இதுவரை எதையும் பார்க்காத அளவுக்கு ஆட்கள் பார்த்தார்கள். இந்த வருடம் ஆறாம் வகுப்புக்கு இன்னொரு பிரிவு திறந்திருக்கிறோம். முனீஸ்வரி என்னோடு முன்பு பேசியதைவிடக் குறைவாகப் பேசுகிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பவதாரிணி பிளஸ் டூ படிக்கிறாள். மாநிலப் போட்டியில் வெள்ளி வாங்கினாள். அந்தப் பள்ளியில் எடுத்த படத்தில் நட்டநடுவில் நிற்கிறாள், முகத்தில் பவுடர்கூடப் போடாமல், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அதைத்தான் ஸ்டேட்டஸாக வைத்திருக்கிறாள். அந்தப் பழைய ஃப்ளெக்ஸைப் பற்றி அந்த ஒரு மாலைக்குப் பிறகு அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு வேதனை இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.